கேரம் ஸ்ட்ரைக்கர்: முதல் அடிக்கு எது நல்லது?



ஏலமும் மிளகும் பருப்பும் எண்ணெயும் பேசுகிற நம் இதழில் கேரம் ஸ்ட்ரைக்கருக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் தேனியிலிருந்து கூடலூர் வரை எந்தக் கடையில் ஸ்ட்ரைக்கர் தொங்கவில்லை என்று பாருங்கள். நோட்டுப் புத்தகக் கடையில் மட்டுமல்ல, மளிகைக் கடையிலும் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. மலைக்கு மேலே தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்த் திரும்புகிறவர்கள்கூட மாலையில் மன்றத்துப் பலகையைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். இவ்வளவு விற்கும் ஒரு பொருளைப் பற்றி விற்கிற நமக்கு எவ்வளவு தெரியும்? பையன் வந்து, "அண்ணாச்சி, ஓப்பனிங் நல்லா உடையணும், கனமா ஒண்ணு குடுங்க" என்பான். நாமும் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரை.

விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிட முடியாது. 1956-இல் அகில இந்திய கேரம் சம்மேளனம் தொடங்கப்பட்டது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் உருவானதே நம் சென்னையில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனார்; 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-இல் உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். மாநில அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒரு பலகையும் ஒரு ஸ்ட்ரைக்கரும் கொண்டு மேலே வந்த விளையாட்டு இது. அடுத்த பிள்ளை நம் கடையில் வாங்கிய ஸ்ட்ரைக்கரோடு போட்டிக்குப் போய், அங்கே நடுவர் அதை எடை போட்டு "இது செல்லாது" என்று ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும்? ஆறு மாதம் பழகிய கை, அந்த நிமிடம் வேறு யாருடைய ஸ்ட்ரைக்கரையோ இரவல் வாங்கி ஆட வேண்டும்.

முதலில் சட்டம் சொல்லும் அளவுகளைப் பார்ப்போம். ஸ்ட்ரைக்கர் வட்டமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். குறுக்களவு 4.13 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. எடை 15 கிராமைத் தாண்டக்கூடாது. உலோகமும் தந்தமும் கூடாது. காய் ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம், குறுக்களவு 3.02 முதல் 3.18 செ.மீ. குழியின் அளவு 4.45 செ.மீ. அதாவது ஸ்ட்ரைக்கருக்கும் குழிக்கும் உள்ள வித்தியாசம் 3 மி.மீ. சொச்சம்தான். ஏலக்காயை 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடை போட்டுத் தரம் பிரித்து விலை வைக்கிற ஊர் நம்முடையது. இந்தச் சின்ன வித்தியாசத்தின் அருமை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். ஆட்டத்தின் முதல் அடி மற்ற அடிகளைப் போன்றதல்ல. நடுவில் 19 காய்களும் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிராம். அந்த நூறு கிராமைப் போய் முட்டுவது வெறும் 15 கிராம். ஆகவே இந்த ஒரு அடிக்குக் கனம் உதவும் என்பது உண்மை. 9 அல்லது 10 கிராம் எடையுள்ள மட்டமான ஸ்ட்ரைக்கர் அடுக்கில் பட்டதும் துள்ளித் திரும்பிவிடும், காய்கள் நடுவிலேயே கும்பலாகக் கிடக்கும். பையன் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் அடுக்கு உடைந்த அடுத்த நொடியிலிருந்து கணக்கு மாறிவிடுகிறது. அதன்பின் ஸ்ட்ரைக்கர் முட்டுவது பெரும்பாலும் தனியாகக் கிடக்கும் ஒரு 5 கிராம் காயைத்தான். நேருக்கு நேர் முட்டினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடத்து இயற்பியல் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் அடித்தால் காய், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஸ்ட்ரைக்கரிடம் தன் வேகத்தில் பாதி மிஞ்சும். அதே வேகத்தில் 20 கிராம் ஸ்ட்ரைக்கர் அடித்தால் காயின் வேகம் 1.6 மடங்கு, ஸ்ட்ரைக்கரிடம் மிஞ்சுவதோ பத்தில் ஆறு பங்கு. எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டியும் காய்க்குக் கிடைத்த லாபம் சொற்பம். மிஞ்சிய வேகத்தோடு ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே போய்க் குழிக்குள் விழும். விழுந்தால் தண்டம், போட்ட காய் ஒன்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும். மறுபக்கம் 10 கிராமுக்கு இறங்கினால் காயின் வேகம் 1.33 மடங்குதான், ஆனால் ஸ்ட்ரைக்கர் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு அடங்கிவிடும். குழி ஓரத்தில் நிற்கும் காயைத் தட்டிவிட்டு நிற்க அது சௌகரியம். அடுக்கை உடைக்க உதவாது.

வீட்டிலும் மன்றத்திலும் ஆளுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர்தான். முதல் அடிக்கு ஒன்று, கடைசிக் காய்க்கு ஒன்று என்று மாற்றி மாற்றி ஆடுவதில்லை. இரண்டு வேலைக்கும் ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும். நம் கருத்து, நன்றாகப் பழகிய கைக்கு 14.5 முதல் 15 கிராம் வரை உள்ளது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 12, 13 கிராம். பிள்ளையின் விரல் கனமான ஸ்ட்ரைக்கரை வேகமாகச் சுண்டாது. வேகம் போனால் கனத்தால் பயனில்லை. விரல் நகம் நோகும், குறி தப்பும், பழக்கம் கெடும். பெரியவர்களிலும் சுண்டுவதற்குப் பதில் தள்ளி ஆடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் சற்று இலேசானதே இசையும்.

இந்தச் சங்கடம் கேரத்துக்கு மட்டும் உரியதல்ல. மேல்நாடுகளில் டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டை வீசி, தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். தூரம் போவதற்கென்று கூர்விளிம்புத் தட்டு ஒன்று, பக்கத்திலிருந்து கூடைக்குள் போடுவதற்கென்று பருத்த விளிம்புத் தட்டு ஒன்று எனத் தனித்தனியே விற்கிறார்கள். பக்கத்து வீச்சுக்கான தட்டைப் பட்டர் என்பார்கள். அந்தப் பட்டரையே முதல் வீச்சுக்கும் எடுக்கிறவர்கள் நிறைய. தூரம் குறையும், ஆனால் நேராகப் போகும், சொன்ன இடத்தில் விழும். அங்கேயும் கடைக்காரரிடம் வந்து, முதல் வீச்சுக்கு எது நல்லது என்றுதான் கேட்கிறார்கள் போலும்!

இனி, சரக்கு வரும்போது எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். உறையில் 15 கிராம் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து நமக்கு வந்த மூன்று டஜனில் ஏழு உருப்படி 16 கிராமுக்கு மேல் நின்றன. பில்லோடு திருப்பி அனுப்பினோம். மாற்றித் தர இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். மளிகைக் கடைத் தராசு 5 கிராம், 10 கிராம் என்று தாவிக் காட்டும், இதற்கு உதவாது. நகைக் கடையிலோ, ஏலக்காய் மாதிரி எடுத்து எடை பார்க்கும் இடத்திலோ கொடுத்தால் நொடியில் சொல்லிவிடுவார்கள். பழைய சின்னத் தட்டுத் தராசு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2011-க்குப் பின் வந்த, ரூபாய்ச் சின்னம் உள்ள பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம் சொச்சம். இரண்டை ஒரு தட்டில் வைத்தால் ஏறக்குறைய பதினைந்தரை கிராம். ஸ்ட்ரைக்கர் வைத்த தட்டு நாணயத் தட்டைவிட மேலே நிற்க வேண்டும். சமமாக நின்றாலோ கீழே இறங்கினாலோ அது போட்டிக்கு ஆகாது.

எடைக்கு அடுத்தது தட்டை. கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஸ்ட்ரைக்கரை வைத்து ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அது பலகையிலும் ஆடும், ஓட்டம் கோணும். இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டும். பிறகு விளிம்பின்மேல் நிற்க வைத்து மெல்ல உருட்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறது அல்லது வார்ப்பு ஒரு பக்கம் கனத்துவிட்டது என்று பொருள். படம் பதித்த, பளபளக்கும் ரெசின் ஸ்ட்ரைக்கர்களில் இந்தச் சோதனை முக்கியம். மயில் படமும் தேசியக் கொடியும் கண்ணுக்கு அழகு. எடை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் என்ன பிரயோஜனம்? கடைசியாக விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தால் பிசிறும் சில்லும் தெரிந்துவிடும்.

தடிமன் பற்றியும் ஒரு வார்த்தை. அக்ரிலிக்கில் 4.13 செ.மீ. அகலத்தில் 15 கிராம் வர வேண்டுமானால் கனம் 9 மி.மீ.க்கு மேல் வேண்டும். மெல்லியதாக இருந்தும் கனக்கிறது என்றால் வேறு சரக்கு கலந்திருக்கிறது. நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் எடை பார்க்காமல் வாங்கக்கூடாது.

பழைய தந்த ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை தேவை. தாத்தா காலத்தது என்று யாராவது கொண்டுவந்து விலை கேட்கலாம். ஆட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது ஒரு புறம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். மேகமலையும் பெரியாறும் இரு பக்கமும் யானைக் காடாக உள்ள பள்ளத்தாக்கில் கடை நடத்துகிற நாம் அதைத் தொடவே கூடாது.

பலகை பற்றி நிறையச் சொல்லலாம். இங்கே ஸ்ட்ரைக்கரோடு சம்பந்தப்பட்டது மட்டும். முழு அளவுப் பலகையின் விளையாடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ., நம் கணக்கில் 29 அங்குலம். பலமாகச் சுண்டிய ஸ்ட்ரைக்கர் குறைந்தது மூன்றரை தடவை போய்த் திரும்ப வேண்டும் என்பது பலகைக்கு வைத்திருக்கும் பரீட்சை. சாரல் மாதங்களில் கம்பம், கூடலூர்ப் பக்கம் பலகை ஈரம் இழுத்துக்கொள்ளும். அப்போது எந்த ஸ்ட்ரைக்கரும் இழுக்கும். "ஸ்ட்ரைக்கர் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் வந்தால் முதலில் பலகையைத் துடைத்து உலர வைத்தாரா என்று கேளுங்கள். குழந்தைகளுக்கென்று வரும் 20 அங்குலப் பலகையில் குழி சிறியது. அதற்குப் போட்டி அளவு ஸ்ட்ரைக்கரை விற்றால் குழியின்மேல் மூடி போலத்தான் உட்காரும். எந்தப் பலகைக்கு என்று கேட்காமல் ஸ்ட்ரைக்கர் கொடுக்க வேண்டாம்.

பவுடர் விஷயம் மளிகைக்காரர்களுக்கு மிகவும் முக்கியம். போட்டிக்கு உரியது நைசான போரிக் பவுடர். அரிசி மாவும் மைதாவும் தூவுகிறவர்கள் உண்டு. எறும்பு வரும், பிசுக்கு ஏறும், ஸ்ட்ரைக்கரின் ஓட்டம் போகும். போரிக் பவுடரோ பார்ப்பதற்கு மாவு, சோடா உப்பு போலவே இருக்கும், ஆனால் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். கரப்பான் பூச்சிக்கு வைப்பதும் அதுதான். உதிரியாக வாங்கிப் பொட்டலம் கட்டி விற்பதை நாம் அறவே விட்டுவிட வேண்டும். கம்பெனி உறையில் பெயரோடு வருவதை மட்டும் வாங்கி, சமையல் சாமான் இல்லாத அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

விற்பனையைப் பொறுத்தவரை நாம் இப்போது செய்து வருவது இது. வருகிற ஸ்ட்ரைக்கர் அனைத்தையும் ஒரே நாளில் எடை பார்த்து, 12, 13 கிராம் ஒரு டப்பா, 14.5 முதல் 15 வரை ஒரு டப்பா என்று பிரித்து, உறைமேல் எடையைப் பேனாவால் எழுதிவிடுகிறோம். பதினைந்தைத் தாண்டியதைத் திருப்பி அனுப்புகிறோம். ஒரு டஜனுக்குக் கால் மணி நேரம்கூட ஆவதில்லை. எடை எழுதிய ஸ்ட்ரைக்கருக்குப் பையன்கள் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்குவதில்லை. பக்கத்து ஊர்ப் பையன்களையும் கூட்டி வருகிறார்கள். சில்லறைக் கடைக்காரர்கள் மொத்தக் கடையில் கொள்முதல் செய்யும்போதே "எடை போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கலாம்.