எடை குறைந்தது, தோல் குறையவில்லை

"என்ன இப்படி வத்திப்போயிட்டே, சுகரா?" முப்பது நாற்பது கிலோ குறைத்துவிட்டுக் கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகிறவரிடம் யாராவது ஒரு பெரியப்பா இதைக் கேட்காமல் விடமாட்டார். கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொய்ந்திருப்பது பார்க்கிறவர்களுக்கு நோயாகத்தான் தெரிகிறது. சட்டைக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோல், கையைத் தூக்கினால் ஆடும் புஜம், ஆண்களுக்கும் சரிந்துவிட்ட மார்பு, உட்தொடையில் ஒன்றோடொன்று உரசும் மடிப்புகள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், மூட்டுவலி விட்டிருக்கும், சர்க்கரை மாத்திரைகூடக் குறைந்திருக்கும். ஆனால் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது சந்தோஷம் வராது.

இப்படிப்பட்டவர்கள் இப்போது நிறையப் பேர். பேலியோ உணவுமுறையில் குறைத்தவர்கள், நடந்தே குறைத்தவர்கள், இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மௌன்ஜாரோ, வெகோவி ஊசிகளைப் போட்டுக்கொள்கிறவர்கள். எடை குறைப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைத்த பிறகு மிஞ்சும் தோலை என்ன செய்வது என்றால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஏன் திரும்பிச் சுருங்குவதில்லை?

தோலின் நடு அடுக்கில் இரண்டு வகை இழைகள் முக்கியம். கொலாஜன் உறுதி தருகிறது. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். இந்த எலாஸ்டினில் பெரும்பகுதியை உடல் கருவிலும் சிறுவயதிலுமே தயாரித்து முடித்துவிடுகிறது. வளர்ந்தபின் அது சிதைந்தால், அதே தரத்தில் புதிதாக உருவாவதில்லை. பல வருடம் இழுபட்ட ஜட்டி எலாஸ்டிக்கை எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும் பழைய பிடிப்பு வராது அல்லவா, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். வயிற்றிலும் தொடையிலும் வெள்ளி நிறத்தில் ஓடும் வரிகள், அந்த நடு அடுக்கு கிழிந்து ஆறிய இடங்கள்.

இன்னொன்றும் உண்டு. உடல் பெருக்கும்போது தோல் இழுபட மட்டும் செய்வதில்லை, புதிதாக வளரவும் செய்கிறது. பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதையே உத்தியாகப் பயன்படுத்துகிறார்கள். தீக்காயத் தழும்பை மூடத் தோல் போதாதபோது, பக்கத்துத் தோலுக்கு அடியில் ஒரு சிலிகோன் பையை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீரை ஏற்றிப் பெரிதாக்கி, மேலே வளர்ந்த தோலை எடுத்து மூடுவார்கள். உடல் பருமன் அதே வேலையை வருடக்கணக்கில் செய்திருக்கிறது. ஆகவே தொங்குவது வெறுமனே தளர்ந்த தோல் அல்ல. கணக்குக்கு அதிகமாகவே வளர்ந்துவிட்ட தோல்.

யாருக்கு எவ்வளவு தொங்கும் என்பது வயது, எத்தனை வருடம் பருமனாக இருந்தார், எத்தனை கிலோ குறைத்தார், பிரசவங்கள், புகைப்பழக்கம், வெயில், பரம்பரை எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. இருபத்தைந்து வயதில் பதினைந்து கிலோ குறைத்தவருக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஐம்பது வயதில் ஐம்பது கிலோ குறைத்தவருக்கு ஆகாது. எடை நிலைத்த பிறகும் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரை தோல் மெல்ல மெல்ல இறுகும். அதுவரை பொறுத்திருப்பதில் நஷ்டமில்லை.

தொங்குவது தோல்தானா?

"வயிறு மட்டும் போகவே இல்லை" என்பவர்கள் முதலில் மடிப்பைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். இரு விரலுக்கிடையில் மெல்லியதாக, சுருக்கத்தோடு வந்தால் பெரும்பாலும் தோல். தடித்து, கனமாக வந்தால் உள்ளே கொழுப்பு இன்னும் இருக்கிறது. அது குறைய வாய்ப்பும் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். வயிற்றின் நடுக்கோட்டில் மேடு போல எழுந்தால், இரு பக்கத் தசைகளும் நடுவில் விலகியிருக்கலாம். இரண்டு மூன்று குழந்தை பெற்ற பெண்களுக்கு இது சகஜம். இருமும்போது ஓரிடத்தில் மட்டும் புடைத்தால் குடலிறக்கமா என்று பார்த்துவிட வேண்டும். இந்த இரண்டையும் தொப்பை என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தபடியே போனால், முகம் வாடுமே தவிர வயிறு இறங்காது.

மடிப்புக்குள் நடப்பது

அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கப்படும் இந்த விஷயத்தில் அன்றாடம் படுத்துவது அரிப்புதான். சென்னை போன்ற ஊரில், மே மாதத்தில், அடிவயிற்று மடிப்புக்குள் ஊறும் வியர்வைக்கு வெளியேற வழியில்லை. தோலும் தோலும் உரசி, ஊறி, வெளுத்துப் போகிறது. பிறகு சிவந்து எரிகிறது, நாற்றம் வருகிறது, மடிப்பின் ஆழத்தில் கோடு போல வெடிக்கிறது. ஊறிய தோலில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறினால், சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். ஓரம் மட்டும் தடித்து வட்டமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டுமே சீக்கிரம் வரும், தாமதமாகப் போகும்.

வைத்தியத்தில் பாதி, உலர்வாக வைத்திருப்பது. குளித்ததும் மடிப்பைக் கையால் தூக்கி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு நேரே இரண்டு நிமிடம் காட்டலாம். ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்தும் உலர்த்தலாம். பிறகு பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, துவைத்து, இஸ்திரி போட்ட துணித்துண்டை மடிப்புக்குள் நீளவாக்கில் வைக்க வேண்டும். நுனி சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறும். ஆபீஸ் போகிறவர்கள் மதியம் ஒருமுறை துணியை மாற்றினால் போதும். உரசல் மட்டும் இருந்தால் ஜிங்க் ஆக்சைடு கலந்த கிரீமை மெல்லிசாகத் தடவலாம்.

செய்யக்கூடாதவை நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக நடக்கின்றன. டால்கம் பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு கட்டி கட்டியாகி, அதுவே அராவும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினால் ஏற்கெனவே ஈரமான இடத்தில் இன்னும் ஈரம் சேரும். புண்ணான மடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவினால் வியர்வை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசமானது, மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தரும் 'எல்லாம் கலந்த' ட்யூப். அதில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். மடிப்புத் தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், தோல் மெலிந்து புதிய வரிகளும் விழும். இந்தியாவில் படர்தாமரை மருந்துக்கு அடங்காத நோயாக மாறியதில் இந்த ட்யூப்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அரிப்பு ஒரு வாரத்தில் போகவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, அந்த இடம் சுட்டாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

உடுப்பிலும் கொஞ்சம் மாற்றம் தேவை. பாவாடை நாடா நேராக மடிப்புக்குள் போய் உட்கார்ந்து அறுக்கும். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டை தைத்த உள்பாவாடையை, மடிப்புக்கு மேலே இருக்கும்படி கட்டினால் இடுப்புக்கு நிம்மதி. ஆண்கள் பெல்ட்டையும் இப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடை உரசுகிறவர்களுக்கு முழங்கால் வரை வரும் சைக்கிளிங் ஷார்ட்ஸ் உள்ளாடையாக உதவும். இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு தோலைச் சுருக்காது. ஆடுவதைத் தடுக்கும், நடக்கவும் ஓடவும் வசதியாக இருக்கும். அதுவே பெரிய விஷயம்.

எண்ணெய், பவுடர், 'டைட்னிங்' பேக்கேஜ்

எண்ணெய் மசாஜ் சுகமாக இருக்கும், தோல் மிருதுவாகும். எலாஸ்டின் வராது. கொலாஜன் பவுடரைக் குடித்தால் குடல் அதை மற்றப் புரதங்களைப் போலவே உடைத்துத்தான் உள்ளே அனுப்பும். அடிவயிற்றுக்கு என்று தனியாகப் போய்ச் சேராது. ட்ரெட்டினாயின் கிரீம் வெயிலில் பழுதான முகச் சுருக்கங்களை ஓரளவு குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தொங்கும் வயிற்றில் அதற்கு வேலை இல்லை, கர்ப்பிணிகள் தொடவும் கூடாது. ரேடியோ ஃப்ரீக்வென்ஸி, அல்ட்ராசவுண்ட், மைக்ரோநீடிலிங் போன்றவை தாடைக்கோடு, மேல்கை மாதிரி இடங்களில் லேசான தளர்ச்சிக்குக் கொஞ்சம் பலன் தரும், அதுவும் பல அமர்வுகளுக்குப் பிறகு. கையால் பிடித்துத் தூக்கும் அளவுக்கு மடிந்து தொங்கும் தோலை எந்தக் கருவியும் கரைப்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு பத்து அமர்வு பேக்கேஜ் விற்கும் இடங்களில் காட்டப்படும் 'முன், பின்' படங்களில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நிற்கிறவர் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

இன்னும் குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு

குறையும் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கொழுப்பல்ல, தசை முதலானவை. அந்தத் தசையைக் காப்பாற்றினால் தோலுக்கு அடியில் இட்டுநிரப்ப ஏதாவது மிஞ்சும். வாரம் இரண்டு மூன்று நாள் டம்பெல், ரப்பர் பட்டை, உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தால் தோள், புஜம், தொடை, பின்பக்கம் ஓரளவு நிரம்பும். வயிற்றுத் தோலுக்கு இதனால் பெரிய மாற்றம் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது நல்ல வேகம்.

சாப்பாட்டில் நாம் தவறவிடுவது புரதம். சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்று சொல்வார்கள். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். முட்டை ஒன்றில் சுமார் ஆறு. சுண்டல், பருப்பு, தயிர், மீன், பனீர் என்று ஒவ்வொரு வேளையும் தேடித்தான் சேர்க்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது. புகையும் தோலைத் தளர்த்தும் என்பதால், சிகரெட்டை விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

கத்தி வைப்பதென்றால்

அதிகமாக வளர்ந்த தோலை நீக்க ஒரே வழி வெட்டி எடுப்பதுதான். இது புதிய வைத்தியமும் அல்ல. 1899இலேயே அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர், தொங்கிய வயிற்றின் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்திருக்கிறார்.

இன்று வயிற்றுக்கு முக்கியமாக இரண்டு வகை அறுவை சிகிச்சைகள் உள்ளன. பானிகுலெக்டமியில் தொங்கும் மடிப்பை மட்டும் எடுப்பார்கள். அப்டாமினோபிளாஸ்டியில் விலகிய தசைகளையும் இழுத்துத் தைத்து, தொப்புளுக்கு மேலுள்ள தோலையும் கீழே இறக்குவார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே நிற்கும். இறக்கிய தோலில் புதிதாக ஒரு துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். புஜம், தொடை, மார்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறுவை சிகிச்சைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல் சில மாத இடைவெளி விடுவார்கள்.

அறுவைக்கு முன் எடை மூன்று முதல் ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் 12 முதல் 18 மாதம் காத்திருப்பது வழக்கம். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வயிற்று அறுவையைத் தள்ளிப்போடுங்கள். ரத்தசோகையும் புரதக் குறைவும் இருந்தால் தையல் ஆறாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். புகைப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் தையல் ஓரம் கறுத்து அழுகக்கூடும்.

தழும்பைப் பற்றி யாரும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்வதில்லை. வயிற்றுத் தழும்பு ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்கம் வரை ஓடும். ஜட்டிக்குள் மறையும். ஆனால் கைத்தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை நீளும், அரைக்கை ஜாக்கெட்டில் தெரியும். மாநிறத் தோலில் தழும்பு தடிப்பதும் கறுப்பதும் அதிகம்; மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். முதல் வாரம் குனிந்தபடியேதான் நடக்க முடியும். பக்கவாட்டில் நீர் வடியும் குழாய் தொங்கும். ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தோலுக்கடியில் நீர் கோத்தல், தொற்று, காலில் ரத்தம் உறைதல் போன்ற சிக்கல்களும் வரலாம். தொங்கும் தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தப் பேரம் சிலருக்குக் கட்டும், சிலருக்குக் கட்டாது. அரிப்பில்லாமல், நடமாட்டத்துக்கும் தடையில்லாமல், சட்டைக்குள் மறைந்திருந்தால், செய்யாமல் விடுவதும் சரியான முடிவுதான்.

லைப்போசக்ஷன் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்க, உள்ளே இருக்கும் கொழுப்பையும் உறிஞ்சினால் இன்னும்தான் தொங்கும். செய்கிறவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று போர்டில் பாருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

செலவும் காப்பீடும்

நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனால் அந்த விதியிலேயே விலக்கும் உண்டு: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாக அவசியம் என்று மருத்துவர் சான்றளித்தால் மற்றவற்றுக்கும் வழி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் தொற்று, ஆறாத புண், நடக்கவே முடியாத அளவு தொங்கும் மடிப்பு உள்ளவர்கள் இதைக் காட்டிக் கேட்கலாம். கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆதாரம் இல்லாமல் நிச்சயம் கிடைக்காது. வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பார்க்கலாம். சென்னை ஸ்டான்லியில் கைக்கும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைக்கும் தனி நிலையமே இருக்கிறது. கீழ்ப்பாக்கத்திலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. எங்கே போனாலும், அறுவை சிகிச்சை இன்னும் முடிவாகாவிட்டாலும், தோல் மருத்துவரின் சீட்டுகள், வாங்கிய மருந்து ரசீதுகள், புண் வந்தபோது எடுத்த தேதியிட்ட படங்கள், மாதாந்திர எடைக் குறிப்பு ஆகியவற்றை இன்றிலிருந்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.