கொடைக்கானலில் வீட்டிலேயே பிசி அசெம்பிள் செய்யப் போறீங்களா? எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

ஆபீஸ் வேலை, வீடியோ எடிட்டிங், கொஞ்சம் கேமிங்... எல்லாத்துக்கும் ஒரே டெஸ்க்டாப் வேணும், ஆனா பட்ஜெட் கையைக் கடிக்குது என்பவர்கள் பாகங்களை வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்யலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பாகங்கள் ஆன்லைனில் மலைக்கும் வந்துவிடும். ஆனால், சென்னைக்கான பட்டியல் கொடைக்கானலுக்கு அப்படியே பொருந்தாது.

கூலருக்குச் செலவு வேண்டாம்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் ஃபேன் குளிர்விக்கும் திறனும் சற்றுக் குறையும். ஆனால் கோடையிலும் பகல் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், அது ஈடாகிவிடும். 65 வாட் பிராசஸருக்கு பாக்ஸிலேயே வரும் கூலர் போதும். லிக்விட் கூலர், கலர் லைட் ஃபேன் எல்லாம் வீண்செலவு.

கிராஃபிக்ஸ் கார்டு பிறகு வாங்கலாம்

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்களில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டு இல்லாமலேயே மானிட்டரில் படம் வரும். இன்டெல் வாங்கினால் மாடல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனி கார்டு கட்டாயம்.

ரேம் விலை ஏன் ஏறியது?

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் 'குருஷியல்' பிராண்ட் நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. 5600ஜி-க்கு டிடிஆர்4 ரேம்தான். பழைய டெஸ்க்டாப்பில் அது இருந்தால் கழற்றி மாட்டலாம். புதிதாக வாங்கினால் ஒரே 16 ஜிபி-க்குப் பதில் இரண்டு 8 ஜிபி வாங்குங்கள். உள்கிராஃபிக்ஸ் வேகம் கூடும்.

இங்கே கஞ்சத்தனம் கூடாது

மழை, இடி, கரன்ட் கட் இருக்கும் ஊரில் முதல் செலவு எஸ்எம்பிஎஸ்-க்குத்தான். கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிசி-க்கு '80 பிளஸ்' சான்று உள்ள 450 வாட் தாராளம். ஃபைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்ய ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும். இடி இடித்தால் பவர் கேபிளோடு நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மூடுபனிக் காலத்தில் பிசி-யை ஜன்னலோரம் வைக்காதீர்கள். நாள்கணக்கில் ஆஃப் செய்து வைக்காமல் அவ்வப்போது ஓடவிட்டால், அந்தச் சூட்டிலேயே ஈரம் தங்காது.

வாரன்டியைக் கேட்டு வாங்குங்கள்

'ட்ரே' பிராசஸர் விலை குறைவு. ஆனால் கடைக்காரர் தரும் வாரன்டிதான். பாக்ஸ் பிராசஸருக்கு ஏஎம்டி-யே 3 வருட வாரன்டி தருகிறது. பழுதானால் மதுரை வரை இறங்க வேண்டியிருக்கலாம். அதனால், கூரியரில் அனுப்பலாமா, செலவு யாருடையது என்பதை வாங்கும்போதே கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லை பத்திரப்படுத்துங்கள்.

ஆர்டர் போடும் முன் ஒரு வேலை: எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத பாயின்ட்டில் எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டினாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது.