ஒரே அச்சு, இரண்டு விலை

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நான் வேலை செய்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் கூடும் சந்தைக்குப் போவது வழக்கம். வீட்டில் தேவையில்லாமல் கிடப்பதைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, டிக்கியைத் திறந்து வைத்து அங்கேயே விற்பார்கள். கோப்பை, பழைய ரேடியோ, பிள்ளைகளின் சப்பாத்து என்று எல்லாம் இருக்கும். 2006ஆம் ஆண்டு ஒரு நாள், குளிருக்கு ஒரு ஜக்கட் மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கப் போன நான், ஒரு பெட்டி கொமிக்ஸ் புத்தகங்களோடு திரும்பி வந்தேன்.

விற்றவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. முழுப் பெட்டியும் 12 பவுண் என்றார். பத்து என்றேன். மறுபேச்சுப் பேசாமல் தந்துவிட்டார்.

மேலே கிடந்தவை சாதாரணமானவை. அடியில் இருந்தது 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' மூன்றாம் இலக்கம். 1963இல் வந்தது. டொக்டர் ஒக்டோபஸ் என்ற வில்லன் முதன்முதலில் தோன்றிய இதழ். ஓரங்கள் தேய்ந்து, நடு மடிப்பில் ஒரு கம்பி துருப்பிடித்திருந்தது. உள்பக்கத்தில் யாரோ சிறுவன் பென்சிலால் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதி வைத்திருந்தான். 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்து வளர்ந்த எனக்கு இதன் பெறுமதி ஓரளவு தெரியும். (அந்த மாயாவியும் இங்கிலாந்துச் சரக்குத்தான். 1972இல் முத்து கொமிக்ஸ் தமிழுக்குக் கொண்டு வந்தது.) மறுநாளே நகரத்தில் பழைய கொமிக்ஸ் வாங்கி விற்கும் கடையொன்றுக்கு எடுத்துச் சென்றேன். கடையின் பெயர் இங்கு வேண்டாம்.

கடைக்காரர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அட்டையின் மேல் மூலையை மட்டும் பார்த்தார். அங்கே 12 சென்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 9 என்ற இலக்கமும், பக்கத்தில் சிறிய ஆங்கில 'டீ' எழுத்தும் இருந்தன. "பென்ஸ் பிரதி" என்றார். "சென்ட் பிரதி என்றால் இந்த நிலையிலேயே இருநூறு தருவேன். இதற்கு 110."

இது மறுபதிப்பா என்று கேட்டேன். இல்லை, அசல்தான் என்றார். அப்படியானால் ஏன் குறைவு? அமெரிக்கன் வாங்க மாட்டான் என்றார். அவ்வளவுதான் விளக்கம். 110 பவுணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பதில் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வாப்பாவின் புடைவைக் கடையில் வளர்ந்தவன் நான். ஒரே தறியில் நெய்த ஒரே துணிக்கு, ஓரத்தில் குத்திய முத்திரை வேறு என்பதற்காகப் பாதி விலை சொன்னால் காரணம் தேடுவது இயல்புதானே. தேடிய போது கிடைத்தது ஒரு நல்ல வியாபாரப் பாடம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியா அமெரிக்கச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. போர் முடிந்த பிறகும் டொலர் தட்டுப்பாடு தீரவில்லை. 1959 வரை கட்டுப்பாடு நீடித்தது. டொலர் தட்டுப்பாடு என்றால் என்னவென்று 2022இல் நாம் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். பால்மாவுக்கே வரிசையில் நிற்கும் போது கொமிக்ஸை யார் இறக்குவார்கள்? அந்தக் காலத்தில் உள்ளூர் வெளியீட்டாளர்கள் அமெரிக்கக் கதைகளை உரிமம் பெற்றுக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு விற்றார்கள். அப்படி விற்ற ஒரு கம்பனிக்கு அமெரிக்காவிலிருந்து 'கப்டன் மார்வல்' கதைகள் 1953இல் நின்றுபோயின. உடனே அவர்கள் 1954இல் 'மார்வல்மேன்' என்று தாமே ஒருவனை உருவாக்கிக்கொண்டார்கள். சரக்கு வராவிட்டால் சரக்கை உண்டாக்கிக்கொள்வது எல்லா ஊர் வியாபாரிக்கும் பொதுக் குணம்.

கதவு திறந்ததும் அமெரிக்கப் பிரதிகளை மொத்தமாக இறக்கி நாடு முழுவதும் விநியோகித்தது 'தோர்ப் அன்ட் போர்ட்டர்' என்ற நிறுவனம். அது இருந்ததும் இதே லெஸ்டரில்தான். அதன் உரிமையாளர்களில் ஒருவரான பிரெடரிக் தோர்ப்பே 1964இல், பார்வை மங்கிய முதியோருக்காகப் பெரிய எழுத்துப் புத்தகங்களை வெளியிடும் 'அல்வர்ஸ்க்ராஃப்ட்' நிறுவனத்தையும் தொடங்கினார். ஒரு கையால் சிறுவர்களுக்கும் மறு கையால் கிழவர்களுக்கும் விற்றிருக்கிறார்!

வந்த பிரதிகளில் விலை சென்டில் இருந்தது. கடைக்காரன் எத்தனை பென்ஸ் வாங்குவது? டீசீ கம்பனியின் சுப்பர்மேன், பேட்மேன் இதழ்களில் 1960களில் றப்பர் முத்திரையால் 9 பென்ஸ் என்று குத்தினார்கள். மார்வல் கம்பனி வேறு வழியைக் கண்டது. 1960 முதல், அச்சு இயந்திரத்தில் அட்டை ஓடிக்கொண்டிருக்கும் போதே நிறுத்தி, கறுப்பு மைத் தகட்டில் விலை இருக்கும் இடத்தை மட்டும் மாற்றி, பிரித்தானியாவுக்கு வேண்டிய தொகையை அச்சிட்டு எடுத்தது. அதே இயந்திரம், அதே தாள், அதே மை. உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை. கப்பலில் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் பல இதழ்களின் அட்டையில் மாதத்தையும் எடுத்துவிட்டார்கள். 1970களின் நடுவில் சில அட்டைகளின் தலைப்பில் 'கலர்' என்ற சொல்லையே ஆங்கிலேயர் எழுதும் முறையில், ஒரு 'யூ' எழுத்தைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள்.

9 பென்ஸ் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அன்று ஒரு பவுண் 240 பென்ஸ். ஒரு பவுணுக்கு 2.80 டொலர். போட்டுப் பார்த்தால் 9 பென்ஸ் பத்தரை சென்ட். 1960இல் அமெரிக்காவில் கொமிக்ஸின் விலை 10 சென்ட். நேரான கணக்கு. 1967 நவம்பரில் பவுணின் பெறுமதி 2.40 டொலராகக் குறைக்கப்பட்டது. 1960களின் இறுதியில் விலை ஒரு ஷில்லிங் ஆனது. அதுவும் சரியாக 12 சென்ட். 1971 பெப்ரவரி 15இல் பவுணை நூறாகப் பிரித்த பிறகு 'டீ' போய் 'பீ' வந்தது. 1872 முதல் ரூபா சதம் என்று நூறிலேயே எண்ணிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு தலைசுற்றும்.

பென்ஸைக் குறிக்க ஏன் 'டீ'? ரோமர்களின் 'டெனாரியஸ்' நாணயத்தின் முதலெழுத்து அது. நாம் கிதாபுகளில் படிக்கும் 'தீனார்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இதைத் தெரிந்துகொண்ட அன்று அந்தச் சின்ன எழுத்தின் மீது எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

ஆக, பென்ஸ் பிரதி அசல் முதற்பதிப்பு. அமெரிக்கப் பிரதியை விட எண்ணிக்கையில் மிகவும் குறைவு. குறைவாக இருப்பது விலை கூட வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே தலைகீழ். காரணம், இந்தச் சந்தையின் பெரிய பணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ளவர் தேடுவது சிறுவயதில் தன் கையில் இருந்த புத்தகத்தை. அதில் 12 சென்ட் என்று இருந்தது. அத்துடன், 2000ஆம் ஆண்டு தொடங்கிய சீஜீசீ என்ற தர நிர்ணய நிறுவனம் பென்ஸ் பிரதிகளின் உறையில் நீண்ட காலம் 'பிரித்தானியப் பதிப்பு' என்று குறித்து வந்தது. பதிப்பு என்றதும் அது பிறகு அச்சிட்ட ஏதோ ஒன்று என்ற எண்ணம் பலருக்கு. பின்னர் அதைப் 'பிரித்தானிய விலை மாற்றம்' என்று திருத்தினார்கள். ஒரு சொல் பல ஆண்டுகளாகச் சரக்கின் பெறுமதியைத் தின்றிருக்கிறது.

இதற்கு எதிர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1977இல் மார்வல் விலையை 30 சென்டிலிருந்து 35 சென்டாக உயர்த்துமுன், சில இடங்களில் மட்டும் 35 சென்ட் அட்டையுடன் விற்று ஆழம் பார்த்தது. அவற்றில் 'ஸ்டார் வோர்ஸ்' முதல் இலக்கமும் ஒன்று. அந்த 35 சென்ட் பிரதிக்கு இன்று சாதாரணப் பிரதியைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: மூலையில் விலை மாறியது. ஒன்று பொன்னானது, மற்றது தள்ளுபடிக்குப் போனது. (அதே இதழின் பிந்திய மறுபதிப்புகளிலும் 35 சென்ட் இருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.)

ஒரு மாதம் கழித்து அதே புல்வெளியில் அதே பெண்மணியைக் கண்டேன். என்னைக் கண்டதும் அவரே வந்தார். அந்தப் பெட்டியில் ஒரு ஸ்பைடர்மேன் புத்தகம் இருந்ததா என்று கேட்டார். தகப்பன் முதுகு ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், சிறுவயதில் தன் கைச்செலவுக் காசில் வாங்கிய புத்தகம் என்று அதைத் தேடுகிறாராம். மகள் கேளாமலே மேல்மாடியைத் துப்புரவாக்கியிருக்கிறார்.

விற்றுவிட்டேன் என்று சொன்னேன். எவ்வளவுக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலை எங்கள் பள்ளிவாசலின் மௌலானாவிடம் விடயத்தைச் சொன்னேன். குஜராத்தி மனிதர், பகலில் ஒரு மளிகைக் கடையும் நடத்துபவர். நகரத்துக்கு வெளியே போய், சந்தை விலை தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தாரை வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அவர் நினைவூட்டினார். அப்படி வாங்கினாலும், சந்தைக்கு வந்து விலையை அறிந்ததும் வியாபாரத்தை முறிக்கும் உரிமை விற்றவருக்கு உண்டு. "ஆனால் அவள் சந்தையிலேதானே விற்றாள், விலையையும் அவளே சொன்னாள். நீர் பொய் சொன்னீரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வியாபாரம் கூடும் என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்துப் பவுண் கேட்டது எதற்கு, பன்னிரண்டு கொடுத்திருக்கலாமே" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

கடைக்கு ஓடினேன். 185 பவுண் போட்டு விற்றாகிவிட்டது. வாங்கியவர் யாரென்று தெரியாது என்றார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணியிடம் கிடைத்த இலாபத்தைச் சொல்லி ஐம்பது பவுண் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். புத்தகத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பிறகு அவரை நான் அங்கு காணவில்லை.

அதிலிருந்து இந்தத் தொழிலைச் சிறிய அளவில் செய்து வருகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் விசாரிப்பதால் சில வார்த்தைகள். 2021 செப்டெம்பரில் ஸ்பைடர்மேன் முதன்முதல் தோன்றிய 'அமேஸிங் பேன்டஸி' 15ஆம் இலக்கத்தின் ஒரு பிரதி 36 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைக் கேட்டுச் சேமிப்பைக் கொட்டியவர்கள், அடுத்த ஆண்டிலிருந்து விலைகள் இறங்கிய போது தவித்தார்கள். வட்டியில்லாத முதலீடு என்று யாராவது இதை உங்களிடம் விற்க வந்தால், வட்டியில்லை என்பதோடு நிச்சயமும் இல்லை என்பதைக் கேட்டு வையுங்கள். வாங்கும் போது மூலையைப் பாருங்கள். படத்தில் பெருவிரலாலோ ஒட்டுத் தாளாலோ மூலையை மறைத்து விற்பவர்களிடம் நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். விற்கும் போது 'பென்ஸ் பிரதி' என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் வைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு என்னிடம் வந்து கேட்பவர்கள் குறையவில்லை. பென்ஸ் பிரதியையே தேடிச் சேர்ப்பவர்கள் இப்போது இங்கிலாந்தில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். விலை இடைவெளியும் முன்னரைப் போல அவ்வளவு இல்லை.

ஸக்காத் விடயத்திலும் பலர் குழம்புகிறார்கள். விற்கும் எண்ணத்தோடு வாங்கியது வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைந்ததும் வாங்கிய விலைக்கல்ல, அன்றைய சந்தை விலைக்கு இரண்டரை வீதம். பென்ஸ் பிரதிக்குப் பென்ஸ் பிரதியின் விலையைத்தான் போட வேண்டும். விற்கும் எண்ணமில்லாமல் தனக்கென்று வைத்திருப்பது அந்தக் கணக்கில் வராது. எது எந்தப் பக்கம் என்பது வைத்திருப்பவரின் மனதுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு ரமழானிலும் நான் பட்டியல் எழுதும் போது, 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' மூன்றாம் இலக்கத்தின் பென்ஸ் பிரதி ஒன்று பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கியது. விற்கப் போவதில்லை. அந்த இலக்கம் எங்கே கண்ணில் பட்டாலும் மூலையைப் பார்க்குமுன் உள்பக்கத்தைப் புரட்டி, பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை.