குளிர் காற்று, சுடாத வெயில்

மெல்பர்னில் எனக்கு அது முதல் செப்டம்பர் மாதம். காலை வகுப்புக்குக் கிளம்பும்போது வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு அது நடுங்கும் குளிர். ஆனால் நண்பகலில் மேகம் விலகிவிட்டால் பல்கலைக்கழகப் புல்வெளியில் உட்கார இடம் கிடைக்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது, சுடவே இல்லை. சுடாத வெயிலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று முகத்தில் எதையும் பூசவில்லை.

இரவில் மட்டும், ஜூன் மாதக் குளிரில் வாங்கிய கெட்டியான கிரீமைத் தவறாமல் பூசினேன். மாதம் முடிவதற்குள் கன்னத்தில் பருக்கள் வந்தன. பருக்கள் ஆறிய இடங்களில் கரும்புள்ளிகள் தங்கிவிட்டன. அவை மங்க ஏறத்தாழ ஆறு மாதங்கள் பிடித்தன. "முகத்துக்கு என்னம்மா ஆச்சு?" என்று அம்மா கேட்பாரே என்று காணொளி அழைப்பில் கேமராவை அணைத்துவைத்த நாள்களும் உண்டு.

மாணவர்களுக்கான மருந்தகத்தில் நான் பார்த்த மருத்துவர் இரண்டு தவறுகளைச் சுட்டிக்காட்டினார். குளிர்காலக் கிரீமை வசந்தகாலத்திலும் தொடர்ந்தது ஒன்று. வெயிலை அதன் சூட்டைக் கொண்டு அளந்தது மற்றொன்று. வெளிநாட்டில் படிக்கப்போகும் நம் மாணவர்கள் பலரும் செய்யக்கூடிய தவறுகள் இவை.

சூடு வேறு, புறஊதாக் கதிர் வேறு

நம் ஊரில் வெயிலும் வெப்பமும் சேர்ந்தே வரும். வியர்த்தால் நிழல் தேடுவோம். அதே பழக்கத்தில், குளிரும் இடத்தில் வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், சருமத்தைப் பாதிக்கும் புறஊதாக் கதிரைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, சூடாக உணரவும் முடியாது. சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் அளவு பெரிதும் கூடும், குறையும். காற்று குளிர்ந்திருப்பதால் அது குறைவதில்லை.

இதை அளப்பதற்குப் புறஊதாக் குறியீடு என்ற எண் உள்ளது. அது 3 அல்லது அதற்கு மேல் போனால் சருமத்துக்குப் பாதுகாப்பு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மெல்பர்னில் ஜூன், ஜூலை மாதங்களில் அந்த எண் 1 அல்லது 2 அளவில் இருக்கும். ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து 3ஐத் தொடத் தொடங்கும். கையுறையைக்கூடக் கழற்றாத காலம் அது! அதனால்தான் விக்டோரியா மாநிலத்தில் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் ஏப்ரல் இறுதிவரை வெயில் பாதுகாப்பு வலியுறுத்தப்படுகிறது. சட்டை அணி, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி போடு என்ற ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பிரசாரம் 1981ல் தொடங்கியதும் அங்குதான்.

அன்றாட அளவை ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகத்தின் இணையப்பக்கத்திலோ 'சன்ஸ்மார்ட்' செயலியிலோ பார்க்கலாம். நான் இப்போது குடை வேண்டுமா என்று பார்க்கும்போதே இந்த எண்ணையும் பார்த்துவிடுகிறேன்.

எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அறையில் வெப்பமூட்டி ஓடும்போது சருமம் இன்னும் வறண்டுபோகிறது. எனவே குளிர்காலத்தில் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற, ஈரத்தை மூடிக் காக்கும் கெட்டியான பூச்சு உதவும். வெப்பநிலை உயரும்போது வியர்வையும் எண்ணெய்ப்பசையும் கூடும். அப்போது அதே பூச்சு முகத்துக்குப் பாரமாகிவிடும். கிளிசரின் கலந்த மெல்லிய லோஷனோ ஜெல்லோ போதும். கை, கால், உதடு இன்னும் வறண்டிருந்தால் அங்கு மட்டும் பழைய கிரீமைத் தொடரலாம்.

முகம் கழுவும் மென்மையான சோப்புத் திரவத்தை மாற்றத் தேவையில்லை. எண்ணெய் வழிகிறதே என்று அடிக்கடி கழுவுவதும் சொரசொரப்பான ஸ்கிரப் போட்டுத் தேய்ப்பதும் சருமத்தைப் புண்படுத்தும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் லோஷன் பூசினால் நல்லது.

காலையில் கடைசியாக சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். முகம், கழுத்து, காதுகளுக்குச் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். வெளியே போவதற்கு 20 நிமிடங்களுக்கு முன்பு பூசி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு பொருளை மாற்றி, இரண்டு வாரம் பொறுத்து, அடுத்ததை மாற்றுங்கள். அப்போதுதான் ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று தெரியும். மாணவர்களின் பணப்பைக்கும் அது நல்லது.

வெளுப்பதற்காக அல்ல

"கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பாதி உண்மை. மாநிற, கருநிறச் சருமத்தில் உள்ள மெலனின் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. வெயிலில் எளிதில் கன்றிப்போவதில்லை. ஆனால் பரு, கீறல், அரிப்பு எது வந்தாலும் கறை தங்குவது நம்மைப் போன்ற சருமத்தில்தான் அதிகம். வெயில் அந்தக் கறையை மேலும் கருக்கச் செய்யும். சருமப் புற்றுநோய் அபாயம் நமக்குக் குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

கறை மறைய வேண்டும் என்ற அவசரத்தில் நானும் இணையத்தில் 'வெண்மையாக்கும்' கிரீம்களைத் தேடினேன். நல்லவேளை, வாங்கவில்லை. இத்தகைய சில கிரீம்களில் பாதரசம் இருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சன்ஸ்கிரீன் பூசுவது நம் நிறத்தை மாற்ற அல்ல, சருமத்தைக் காக்க. நிறம் ஒரு நோயன்று. கறை நெடுநாள் மறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பிரிட்டனுக்குப் படிக்கச் செல்வோருக்கு இதே பருவமாற்றம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும். ஊர் எதுவானாலும் ஸ்வெட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அன்றைய எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.