ரேடார் படத்தில் ஒரே சிவப்பு... பாடியில் கனமழையா? நிறங்களைப் படிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும், பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வண்ண வண்ண வானிலைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். "நம்ம ஏரியா மேல ஒரே சிவப்பா இருக்கே, வண்டியை எடுக்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே வரும். பதில் சொல்லும் முன் பார்க்க வேண்டியது, அது எந்தப் படம் என்பதைத்தான். ஏனென்றால், படத்துக்குப் படம் சிவப்பின் அர்த்தம் மாறும்.

ஒரு நிறம், மூன்று அர்த்தம்

ரேடார் படம்: சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையை அளக்கிறது. இதன் அளவு 'டிபிஇசட்'. இந்த எண் 10 கூடினால், திரும்பி வரும் வலிமை 10 மடங்கு கூடியதாக அர்த்தம். 20 என்றால் லேசான தூறல். 40-க்கு மேல் நல்ல மழை. 50-ஐத் தாண்டினால் கொட்டித் தீர்க்கும். இங்கே சிவப்பு, பலத்த மழையின் அடையாளம்.

செயற்கைக்கோள் படம்: இன்சாட் அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. வண்ணமூட்டிய சில படங்களில் சிவப்பு என்றால் உயரமான, குளிர்ந்த மேகம். அதன் கீழே ஒரு சொட்டுகூட விழாமல் போகலாம்.

ரெட் அலர்ட்: இது படமே அல்ல, முன்னெச்சரிக்கை. 'உடனே நடவடிக்கை எடுங்கள்' என்று நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் சொல்வது.

வானவில்லில் என்ன சிக்கல்?

கருவி தருவது வெறும் எண்களை மட்டுமே. நிறம் பூசுவது மனிதர்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வானவில் வரிசையில், நடுவில் இருக்கும் மஞ்சள்தான் அதிகம் பளிச்சிடும். எண்ணில் சிறிய வித்தியாசம் இருந்தாலும், நிறம் மாறும் இடத்தில் பெரிய எல்லைக்கோடு இருப்பதுபோல் கண் ஏமாறும். சிவப்பு - பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னும் சிரமம்.

இது உயிர் காக்கும் விஷயமும்கூட. 2011-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், இதய ரத்தக்குழாய்களின் தட்டையான வரைபடங்களை மருத்துவ மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வானவில் நிறத்தில் 62 சதவீதப் பாதிப்புகளைக் கண்டுபிடித்தவர்கள், கறுப்பு - சிவப்பு வரிசைக்கு மாற்றியதும் 91 சதவீதத்தைக் கண்டுபிடித்தார்கள்!

அதன் பிறகு மென்பொருள்களும் மாறின. மேட்லேப் 2014-லும், மேட்பிளாட்லிப் 2017-லும் வானவில்லைக் கைவிட்டன. மேட்பிளாட்லிப்பில் வந்த 'விரிடிஸ்' வரிசை, கரு ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும். எண் கூடக் கூட வெளிச்சமும் சீராகக் கூடுவதால், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் குழப்பம் வராது.

ஃபார்வர்டு செய்யும் முன்...

* படத்தின் ஓரத்தில் உள்ள நிற அளவுகோலைப் பாருங்கள். எண்ணும் அலகும் அங்கேதான் இருக்கும்.
* நேரத்தைப் பாருங்கள். 'யுடிசி' என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.
* அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுங்கள். மழை பாடியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.
* அளவுகோல் வெட்டப்பட்ட படமா? பகிர வேண்டாம். அதிலுள்ள சிவப்பு எதைச் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.