ஆய்வேட்டில் கருத்துத் திருட்டு: சதவீதத்தில் மட்டும் சிக்காது

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டால், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்திலும் ஆய்வு மாணவர்களுக்கு இருக்கும் கவலை ஒன்றுதான்: எத்தனை சதவீதம் வரும்? பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த விதிகளே இதற்குக் காரணம். ஆய்வேட்டின் வாசகம் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மூலம் சுட்டிய மேற்கோள்களும் துணைநூல் பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அதைப் ‘பத்துக்குள் வந்தால் பாஸ்’ என்று புரிந்துகொள்வதில்தான் கோளாறு. ஒத்துப்போன 9 சதவீதமும் இன்னொருவர் கண்டடைந்த முடிவாக இருந்தால், மென்பொருள் விட்டுவிட்டாலும் அது திருட்டுதான்.

மென்பொருள் செய்வது சொற்களை ஒப்பிடும் வேலை. தன்னிடமுள்ள தரவுத்தளத்தில் இருப்பதோடுதான் அது ஒப்பிடும். இணையத்தில் ஏறாத பழைய தமிழ் நூலிலிருந்து பத்தி பத்தியாக எடுத்தாலும் அதற்குத் தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான கட்டுரைகளை அது தமிழாகவே படிக்காமல் போகலாம். நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் முன்வைத்த வாதத்தைத் தமிழில் தன் வாதம்போல எழுதிவிட்டால், சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் சோதனையில் அது தப்பிவிடும். மறுபக்கம், கல்வெட்டுத் தொடர்களை அப்படியே தர வேண்டிய நேர்மையான ஆய்வேடு, மேற்கோள் குறியில் சிறு பிசகு நேர்ந்தாலும் கூடுதல் சதவீதம் காட்டும். ஆகவே, அந்த எண்ணை எச்சரிக்கை மணியாகக் கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது? அடிக்குறிப்பை வைத்துத்தான். காவிரிப் பாசனம் பற்றி எழுதுகிற எவரும் தொட்டாக வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: கல்லணையைக் கட்டியவன் கரிகாலன். இதற்கு மூலம் தேடினால் விஷயம் சுவையாகிறது. பட்டினப்பாலை, அவன் காடு திருத்தியதையும் குளம் வெட்டியதையும் சொல்கிறது, அணையைச் சொல்லவில்லை. பிற்காலத்து மாலேபாடு, திருவாலங்காடு செப்பேடுகள் காவிரிக்குக் கரை கட்டி வெள்ளத்தை அடக்கியதைப் பேசுகின்றன. கரை வேறு, குறுக்கணை வேறு. கரிகாலன் அணை கட்டவில்லை என்று இதற்குப் பொருளல்ல. எந்தச் சான்று எதுவரை பேசுகிறது, எங்கிருந்து நம் ஊகம் தொடங்குகிறது என்பது மூலத்தைத் தொட்டுப் பார்த்தவருக்கே தெரியும் என்பதுதான் பொருள். ஒரு ஆய்வேட்டிலிருந்து இன்னொன்றுக்கு அந்த வாக்கியத்தை எடுத்துப் போடுகிறவர், உழைப்பைத் திருடுவதோடு கேள்வியையும் புதைத்துவிடுகிறார்.

உரையாசிரியர்கள் நூற்பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டியது நம் மரபுதானே, இந்த அடிக்குறிப்புக் கெடுபிடி மேல்நாட்டுச் சரக்குதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மரபு வைத்த விலையைக் கொடுத்தவர் இதே கும்பகோணத்தில், அரசுக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தவர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் அல்லாடினார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டியபோதுதான் அவற்றில் பல சங்க நூல்களின் அடிகள் என்று தெரிய வந்தது. உரையாசிரியர் காலத்துப் புலவருக்கு அவை மனப்பாடம். பெயர் சொல்லத் தேவை இருந்திருக்காது. சில நூற்றாண்டுகளில் அந்த நினைவு அறுந்து, நூல்களே கண்ணில் படாமல் போயின. தன் பதிப்புகளில் சுவடி தந்தவர்களையும் மேற்கோள் நூல்களையும் உ.வே.சா. விரிவாகக் குறித்து வைத்தார். மூலம் சுட்டும் பழக்கத்துக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி தஞ்சைத் தரணிக்குத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் குறிப்பு போட்டால் படிக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. போட வேண்டாம். குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும் என்பது ஊரறிந்த செய்தி. குறுவைப் பரப்பு குறைந்துவிட்டது என்றால் அது ஊரறிந்ததல்ல. எந்த ஆண்டு, யார் எடுத்த கணக்கு என்று காட்டியாக வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டு என்றால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அதன் எண். சரசுவதி மகால் சுவடி என்றால் சுவடி எண். விவசாயியிடம் கேட்டறிந்தது என்றால் ஊரும் நாளும், அவர் சம்மதித்தால் பெயரும். கல்வெட்டை நேரில் பார்க்காமல் வேறொருவர் நூலில் படித்திருந்தால், அந்த நூலையே சொல்ல வேண்டும். பார்க்காத மூலத்தைப் பார்த்ததாகக் காட்டுவதும் பொய்தான்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது நியாயமான ஆதங்கம். பட்ட வகுப்பு முழுக்க நோட்ஸை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, ஆய்வில் திடீரென்று சொந்தச் சரக்கு கேட்பது முறையல்ல. தண்டனைப் பட்டியலைத் தளர்த்துவது அதற்குத் தீர்வாகாது. இளங்கலையின் முதல் கட்டுரையிலிருந்தே மூலம் சுட்டப் பழக்க வேண்டும். நெறியாளரும் வாய்மொழித் தேர்வுக்கு வருபவரும் சதவீதத் தாளைப் புரட்டுவதோடு நிற்காமல், அடிக்குறிப்புகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ‘இதன் மூலத்தைக் காட்டுங்கள், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தாலே, ஆய்வேடு எழுதப்படும் விதம் மாறிவிடும்.