மை, தாள், பசை: தண்ணீருக்கு நிற்கும் லேபிள்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாங்காய்த் தொக்கு பாட்டிலைச் சித்திரை மாதத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். முதலில் கண்ணாடி மங்கும். பிறகு முத்து முத்தாக நீர் கோக்கும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, லேபிளின் மேல் விளிம்பைத் தொட்டு வழியும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகியிருக்கிறது. வீட்டு பிரிண்டரில் சாதாரணத் தாளில் அச்சிட்டு ஒட்டிய லேபிளாக இருந்தால் அடுத்து நடப்பது நமக்குத் தெரியும். சிவப்பு எழுத்து ரோஜா நிறக் கறையாகப் பரவும், தாள் உப்பும், ஓரம் எழும்பும்.

அந்தக் கறையோடு அழிந்துபோவது தயாரித்த தேதி, விலை, செய்தவரின் பெயர், தொலைபேசி எண். பெரிய நிறுவனத்துக்கு விளம்பரமும் கடைவீதியில் பலகையும் உண்டு. வீட்டிலிருந்தே தொக்கும் இட்லிப் பொடியும் செக்கெண்ணெயும் விற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று அங்குலச் சீட்டுதான் கடை, அதுதான் பலகை. அது நனைந்து கிழிந்தால், வாங்கியவர் மறுபடி வாங்க நினைத்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது.

ஆகவே பலரும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த பிரிண்டர் வாங்கலாம்?” அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. லேபிள் பார்வைக்கு ஒன்று, உண்மையில் மூன்று: மை, தாள், பசை. மூன்றுக்கும் தண்ணீரோடு தனித்தனி உறவு. இரண்டு நின்று ஒன்று தோற்றாலும் லேபிள் போயிற்று. தண்ணீர் எதன் வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் இருக்கும் பிரிண்டரைக் கொண்டே தாக்குப்பிடிக்கும் லேபிளைச் செய்துவிடலாம்.

கரைவதும் கலங்குவதும்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போடுங்கள். இன்னொரு டம்ளரில் ஒரு கரண்டி செம்மண். கேசரிப் பவுடர் கரைந்துவிடும். எத்தனை நாள் வைத்தாலும் அடியில் தங்காது. செம்மண் கரையாது, கலங்கும். சற்று நேரம் விட்டால் தெளிந்து மண் அடியில் படியும்.

பிரிண்டர் மைகளும் இந்த இரண்டு வகைதான். ஒன்று சாய மை. அதன் மூலக்கூறுகள் தண்ணீரில் முழுமையாகக் கரைந்திருக்கும். தாளில் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து ஓடும். இன்னொன்று நிறமி மை. அதில் இருப்பவை திண்மத் துகள்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர், அதாவது தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடியில் படியாதபடி அவற்றைத் தண்ணீரில் மிதக்க வைத்திருக்கிறார்கள். நீர் காய்ந்ததும் துகள்கள் தாளைப் பற்றிக்கொள்ளும். பிறகு தண்ணீர் பட்டாலும் கரைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இது நம் முன்னோர் அறிந்த உத்திதான். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் கரி தங்கி எழுத்து கறுத்து நிற்கும். கரி என்பது கார்பன், தண்ணீரில் கரையாத நிறமி. இன்றைய கறுப்பு நிறமி மையிலும் இருப்பது அதே கார்பன் தூள்தான்.

அப்படியானால் பிரிண்டர் மையில் தண்ணீரை ஏன் சேர்க்கிறார்கள்? 1977இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளரின் மேசையில் நடந்த ஒரு தற்செயலில் விடை இருக்கிறது. சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய ஊசியில் பட்டது, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. சூட்டில் நீர் ஆவியாகிக் குமிழாகி, முன்னாலிருந்த மையைத் தள்ளியிருக்கிறது. அந்தக் குமிழ்தான் பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் இதயமானது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நீர் கொதித்துக் குமிழாகி மைத்துளியைத் தெறிக்கச் செய்கிறது. வேறு சில பிரிண்டர்கள் மின்சாரம் பாய்ந்தால் நெளியும் படிகத்தைக் கொண்டு துளியைத் தள்ளுகின்றன. எப்படியானாலும், வீட்டு பிரிண்டரின் மையில் பெரும்பங்கு நீர்தான்.

உங்கள் பிரிண்டரில் எந்த மை என்று அறியச் சோதனைக்கூடம் வேண்டாம். ஒரு தாளில் கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் நான்கிலும் சில எழுத்துகளை அச்சிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு அசையாது, வண்ணங்கள் கரையும். கறுப்பை மட்டும் நிறமியாகவும் மற்ற மூன்றைச் சாயமாகவும் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த பிரிண்டரில் தேதி, விலை, பெயர் மூன்றையும் தூய கறுப்பில் அச்சிடுவது முதல் பாதுகாப்பு.

வெயிலுக்கும் இதே கணக்குப் பொருந்தும். வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் வெளுப்பதைப் பார்த்திருப்போம். தனித்தனி மூலக்கூறாக இருக்கும் சாயத்தை ஒளி எளிதில் உடைத்துவிடும். துகளாக இருக்கும் நிறமியில் வெளிப்பக்கம் மட்டுமே அடிபடும், உள்ளிருப்பது காலம் தாங்கும்.

அஸ்டோரியாவிலிருந்து வந்த தூள்

லேசர் பிரிண்டரில் மையே கிடையாது. அதன் கதை 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில் தொடங்கியது. செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். “10-22-38 அஸ்டோரியா” என்று எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் போயிற்று, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கிற்று. மேலே தூவிய பொடி எழுத்தின் வடிவில் ஒட்டிக்கொண்டது. அதை மெழுகுத் தாளில் எடுத்துச் சூடேற்றிப் படிய வைத்தார். நாம் ஜெராக்ஸ் என்று சொல்வது அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது.

இன்றைய டோனர் என்பது நிறமி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் சுமார் 180 டிகிரி சூட்டில் உருகித் தாளோடு ஒன்றாகிறது. பிளாஸ்டிக் தண்ணீரில் கரையாது என்பதால் லேசர் அச்சில் எழுத்து ஓடாது. ஆனால் ராசிபுரம் நெய்யோ தேங்காய் எண்ணெயோ நாள்பட வழிந்துகொண்டிருந்தால் அது சற்று இளகலாம். எண்ணெய்ப் பொருள்களுக்கு மேலே ஒரு பாதுகாப்புப் படலம் நல்லது.

தாளின் தாகம்

மை தப்பித்தாலும் தாள் தப்பிக்காது. தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்களைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். செல்லுலோஸுக்கும் தண்ணீருக்கும் உள்ள ஈர்ப்பு அவ்வளவு வலுவானது என்பதால், தண்ணீர் உள்ளே புகுந்ததும் நார்கள் ஒன்றையொன்று விட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. நனைந்த தாள் கூழாவது இதனால்தான்.

தீர்வு, தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபிலிம். ஆனால் எந்த ஃபிலிம் என்பதில் கவனம் வேண்டும். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். வினைல் 100 டிகிரிக்கு வெகு முன்பே இளகும். இவற்றை லேசர் பிரிண்டரில் விட்டால் சூட்டு உருளையில் ஒட்டிக்கொண்டு பிரிண்டரையே கெடுக்கும். வினைல் அதிகம் சூடானால் நச்சுப் புகையும் வரும். லேசருக்கு ஏற்றது பாலியெஸ்டர், அது உருக 250 டிகிரி வேண்டும். இங்க்ஜெட்டில் சூட்டுப் பிரச்சினை இல்லை, வேறொன்று உண்டு. தண்ணீரை உறிஞ்சாத ஃபிலிம் மையையும் உறிஞ்சாது, துளி வழுக்கி நிற்கும். ஆகவே மையைப் பிடிக்கும் மெல்லிய பூச்சு உள்ள, இங்க்ஜெட்டுக்கு என்றே விற்கும் ஷீட்டை வாங்க வேண்டும். உறையில் ‘இங்க்ஜெட்’ என்றிருக்கிறதா ‘லேசர்’ என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதில்தான் பாதி வெற்றி.

மரவள்ளி மாவு சொல்லும் பாடம்

பசைக்கு வருவோம். சேலத்துக்காரர்களுக்குப் பசையின் அறிவியலைக் கற்பிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே வேரூன்றிய ஜவ்வரிசித் தொழில் மரவள்ளி மாவை நம்பியது. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசியையும் மரவள்ளி ஸ்டார்ச்சையும் சந்தைப்படுத்துகிறது. அந்த ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கலந்து காய்ச்சினால், 60, 70 டிகிரி சூட்டில் மணிகள் உப்பி வெடித்துக் கஞ்சியாகும். காய்ந்தால் நல்ல பசை. ஆனால் தண்ணீரால் பிறந்தது தண்ணீராலேயே பிரியும். பழைய பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்தால் லேபிள் தானாக மிதந்து வருவது அதனால்தான்.

ஸ்டிக்கர் பசை வேறு இனம். 1935இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டான்டன் ஏவரி, தண்ணீரும் சூடும் வேண்டாமல் அழுத்தினாலே ஒட்டும் லேபிளைத் தொழிலாக்கினார். இன்று அதில் பெரும்பாலும் அக்ரிலிக் பசை. அது முழுதும் காய்வதில்லை. வெல்லப்பாகுபோல மெல்ல வழிந்து, கண்ணாடியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றுகிறது. நன்கு படிந்துவிட்டால் தண்ணீர் நுழைய இடமில்லை.

படிய விடாமல் தடுப்பவை மூன்று. ஈரம், எண்ணெய், அவசரம். தொக்கு நிரப்பும்போது பாட்டிலின் வெளியே பட்ட விரல் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, பசைக்குத் தெரியும். சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அறைச் சூட்டில் இருக்கும்போதே ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். ஒரு நாள் முழுக்க விட்ட பிறகே ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாக்கள் பலவற்றில், சேம்பு இலையில் தண்ணீர் உருள்வதுபோல, பசை சரியாகப் படியாது. அதற்கு வலுவான பசையுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓரத்தில் இருக்கிறது வாசல்

சாய மை பிரிண்டரும் சாதாரண ஸ்டிக்கர் தாளும்தான் கையில் இருக்கின்றன என்றாலும் வழி உண்டு. மேலே ஒட்டும் தெளிவான ஃபிலிமால் மூடலாம். ஆனால் அச்சிட்டு, ஃபிலிம் ஒட்டி, அதன் பிறகு வெட்டினால் வெட்டிய விளிம்பில் தாள் திறந்திருக்கும். வேட்டி நுனி நனைந்தால் ஈரம் மேலேறுவதைப்போல, நார்களுக்கு இடையிலான நுண்துளைகள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் லேபிளை வெட்டிப் பாட்டிலில் ஒட்டுங்கள். பிறகு நான்கு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும் ஃபிலிமை மேலே ஒட்டி, அதன் ஓரம் நேராகக் கண்ணாடியைப் பற்றும்படி அழுத்துங்கள். கூர்மையான மூலைகள் எளிதில் எழும்பும். அவற்றை வளைவாக வெட்டுவது நல்லது.

எடை மெஷினிலிருந்து வரும் சிறு ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது சூடு பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சுள்ள தாள். மையே இல்லாததால் தண்ணீரில் எழுத்து கரையாது. ஆனால் எண்ணெய், வெயில், சூடு மூன்றும் அதை வெளுக்கவோ கறுக்கவோ செய்யும். பர்ஸில் வைத்த கடை பில் சில மாதங்களில் வெள்ளைத் தாளாவது இதனால்தான்.

தேவை ஆயிரக்கணக்கில் வளர்ந்தால் அச்சகத்துக்குப் போகலாம். சிவகாசியின் தீப்பெட்டி லேபிள்களுக்குப் பின்னால் இருந்த கல்லச்சு முறை, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையில் நின்றது. 1796இல் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த அந்த முறையின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஆஃப்செட். அதன் மை எண்ணெய் சார்ந்தது என்பதால் கரையாது. தாளையும் பசையையும் மட்டும் அங்கேயும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது

உணவுப் பொருள் லேபிள்களுக்கான 2020ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிமுறைகள், லேபிள் கொள்கலனிலிருந்து பிரியக் கூடாது, எழுத்து தெளிவாகவும் அழியாததாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், சைவத்துக்கான பச்சைக் குறி, பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன, எதுவரை பயன்படுத்தலாம் என்பன இருக்க வேண்டும். 2011இன் எடையளவு விதிகள் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவற்றைக் கேட்கின்றன. நிலக்கடலை ஒவ்வாத ஒரு குழந்தையின் தாய், பொடி டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது அந்தச் சிறிய எழுத்து அங்கே இருந்தாக வேண்டும். நீர் புகாத லேபிள் நமக்கு மரியாதை, அந்தத் தாய்க்குப் பாதுகாப்பு.

முதல் நூறு லேபிளை அச்சிடும் முன் ஒன்றை மட்டும் அச்சிடுங்கள். காலிப் பாட்டிலில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு இரவு முழுக்க ஒரு பக்கெட் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். காலையில் எடுத்து ஈரக் கையால் பத்து முறை தேயுங்கள். ஓரத்தை நகத்தால் நிமிண்டுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிப் பாருங்கள். எழுத்து ஓடினால் குற்றம் மையில், உப்பினால் தாளில், ஓரம் கிளம்பினால் பசையில். தோற்ற ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி மூழ்கடியுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்த பாட்டிலில் உங்கள் பெயரும் எண்ணும் தேதியும் நேற்று இருந்தபடியே படிக்க முடிகிற நாளில், மீதி தொண்ணூற்றொன்பதையும் அச்சிடலாம்.